தீப்பொறி தேடாத இயந்திரம்

அதிகாலை நேரம். சிராங்கூன் சாலையில் பெரும்பாலான கடைகள் இன்னும் திறக்கப்படவில்லை. தேக்கா சந்தைக்குக் காய்கறிகளையும் மீன்களையும் ஏற்றி வந்த லாரிகள் சாலையோரம் நிற்கின்றன. சரக்கை இறக்கி முடித்த ஓட்டுநர் ஒருவர் லாரியை முடுக்குகிறார். இயந்திரம் உடனே சீராக ஓடிவிடுவதில்லை. இரும்பை இரும்பால் தட்டுவது போன்ற 'டக் டக்' ஓசை முதலில் எழுகிறது. சற்று நேரம் சென்று, இயந்திரம் சூடேறியதும், அந்த ஓசை மெல்லத் தணிகிறது.

அந்த லாரியின் எண்ணெய்த் தொட்டியில் இருப்பது டீசல். அதை எரித்து ஓடும் இயந்திரத்தின் பெயரும் டீசல். பலரும் அதனை ஓர் எண்ணெயின் பெயராக மட்டுமே அறிவர். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். உலகின் சரக்குப் போக்குவரத்தையே மாற்றியமைத்த அந்த மனிதர், தம் கண்டுபிடிப்பின் முழுப் பயனையும் காணாமலேயே மறைந்தார். அவர்தாம் ருடால்ஃப் டீசல்.

தள்ளுவண்டிச் சிறுவன்

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை தோல் பொருள்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்தினார். பள்ளி முடிந்ததும் சிறுவன் ருடால்ஃப், தந்தை செய்த பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சென்று வாடிக்கையாளர்களிடம் கொடுத்துவருவான். ஒரு சிறு தொழிலாளியின் குடும்பம் எப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறது என்பதை அவன் புத்தகத்தில் படித்து அறியவில்லை. வீட்டிலேயே பார்த்து வளர்ந்தான்.

1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரிசை விட்டு வெளியேற வேண்டிய நிலை ஏற்பட்டது. டீசல் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லண்டனுக்குச் சென்றது. அங்கும் வறுமை விடவில்லை. ஆகவே, பன்னிரண்டு வயதான ருடால்ஃபை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டிற்குப் பெற்றோர் அனுப்பிவைத்தனர். அந்த உறவினர் கணித ஆசிரியர். பெற்றோரைப் பிரிந்த துயரத்திலும் ருடால்ஃப் படிப்பைக் கைவிடவில்லை. பதினான்கு வயதிலேயே, பொறியாளராகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். பின்னர் உபகாரச் சம்பளம் பெற்று, மியூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான்.

இடையில் டைபாய்டு காய்ச்சல் தாக்கியதால் தேர்வை உரிய நேரத்தில் எழுத முடியவில்லை. டீசல் மனம் தளரவில்லை. காத்திருந்த காலத்தில் சுவிட்சர்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கற்றுக்கொண்டார். 1880ஆம் ஆண்டு தேர்வெழுதி மிகச் சிறந்த முறையில் தேறினார்.

பினாங்கிலிருந்து வந்த தீக்குழல்

கல்லூரியில் டீசலுக்குக் கற்பித்தவர்களில் ஒருவர் கார்ல் வான் லிண்டே. குளிர்சாதனத் துறையின் முன்னோடி அவர். நீராவி இயந்திரம் எவ்வளவு வெப்பத்தை வீணாக்குகிறது என்பதை டீசல் அவருடைய வகுப்பில் அறிந்துகொண்டார். அக்காலத்தில் ரயில்களும் பல தொழிற்சாலைகளும் கப்பல்களும் நீராவியால் ஓடின. ஆயினும், எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பயனுள்ள வேலையாக மாறியது. எஞ்சியதெல்லாம் புகையோடும் ஆவியோடும் போய்ச் சேர்ந்தது. இந்த வீணைக் குறைக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கவேண்டும் என்ற எண்ணம் மாணவர் டீசலின் மனத்தில் வேரூன்றியது.

இங்கே நம் வட்டாரத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. தீப்பெட்டி வருவதற்கு முன்பே தென்கிழக்காசிய மக்கள் தீக்குழல் என்னும் சிறு கருவியைப் பயன்படுத்தி வந்தனர். மூங்கில், மரம் அல்லது எருமைக் கொம்பால் செய்த குழல் அது. அதனுள் இறுக்கமாகப் பொருந்தும் தண்டின் நுனியில் எளிதில் பற்றும் பஞ்சு போன்ற பொருளை வைப்பார்கள். தண்டை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடிப்பார்கள். உள்ளே அடைபட்ட காற்று சட்டென்று நெருக்கப்பட்டுச் சூடாகும். தண்டை வெளியே இழுத்தால், நுனியில் நெருப்புக் கனலும். லிண்டே பினாங்கிலிருந்து கிடைத்த இத்தகைய தீக்குழல் ஒன்றை இயக்கிக் காட்டினார் என்றும், அதைக் கண்டது டீசலின் சிந்தனையைத் தூண்டியது என்றும் கூறப்படுகிறது.

மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்று அடிப்பவர்கள் இந்த உண்மையை எளிதில் உணரலாம். வேகமாகக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை நெருக்கினால் வெப்பம் பிறக்கும். போதிய அளவு நெருக்கினால் எண்ணெயையே பற்றவைக்கும் அளவுக்கு வெப்பம் பிறக்கும். டீசலின் இயந்திரம் இந்த ஒரே உண்மையின்மீது எழுந்தது. பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் முதலிலேயே கலக்கப்படுகின்றன. மின்பொறி அதைப் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்திலோ காற்று மட்டும் முதலில் நெருக்கப்படுகிறது. அந்தச் சூடான காற்றில் எண்ணெய் பீய்ச்சப்பட்டதும் அது தானாகவே தீப்பற்றுகிறது. பொறி தேவையில்லை.

வெடித்த முதல் சோதனை

டீசல் பல ஆண்டுகள் லிண்டேயின் குளிர்சாதன நிறுவனத்தில் பணியாற்றினார். ஓய்வு நேரத்தையெல்லாம் ஆராய்ச்சிக்கே செலவிட்டார். 1892ஆம் ஆண்டு தம் எண்ணத்திற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். மறு ஆண்டு அதைப் பெற்றதோடு, தம் கோட்பாட்டை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் நகரின் இயந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடமும் கருவிகளும் தந்து உதவ முன்வந்தது.

1893ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் முதல் இயந்திரம் சோதிக்கப்பட்டது. உயரமான ஒற்றை உருளையைக் கொண்ட இயந்திரம் அது. வெளியிலிருந்து வார்ப்பட்டையின் உதவியால் அதனைச் சுழற்றி, உள்ளே பெட்ரோலைச் செலுத்தினர். மறுகணம் பெரும் வெடிச்சத்தம் கேட்டது. அழுத்தத்தை அளக்கப் பொருத்தியிருந்த கருவி உடைந்து சிதறியது. அதன் துண்டுகள் அருகில் நின்றவர்களை நூலிழையில் தவறவிட்டுப் பறந்தன. உருளைக்குள் அழுத்தம் ஏறக்குறைய 80 வளிமண்டல அளவை எட்டியிருந்தது.

வேறொருவராக இருந்தால் அன்றோடு அந்த முயற்சியைக் கைவிட்டிருக்கக்கூடும். டீசலோ அந்த வெடிப்பில் இரண்டு செய்திகளைக் கண்டார். ஒன்று, பொறியே இல்லாமல் எண்ணெய் பற்றியது. ஆகவே அவருடைய கோட்பாடு சரி. மற்றொன்று, அது பற்றிய விதம் தவறு. நெருப்பை உண்டாக்குவது எளிது. அதை அடக்கி ஆள்வதே கடினம் என்பது அவருக்கு விளங்கியது.

அதன்பின் அல்லும் பகலும் உழைப்பு தொடர்ந்தது. 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இயந்திரம் முதன்முதலாகத் தன் சொந்த ஆற்றலில் ஒரு நிமிடம் ஓடியது. அந்த ஒரு நிமிடத்திற்காகச் செலவான காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். தொடக்கத்தில் திட்டமிட்ட மிக உயர்ந்த அழுத்தம் நடைமுறைக்கு ஒத்துவராது என்பதை டீசல் ஏற்றுக்கொண்டு, தம் கணக்குகளைத் திருத்தினார். அழுத்திய காற்றின் துணையால் எண்ணெயை நுண்ணிய துளிகளாக உருளைக்குள் ஊதும் முறை கைகொடுத்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் பேராசிரியர் ஒருவர் முன்னிலையில் அதிகாரபூர்வமான சோதனை நடந்தது. எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காட்டை அந்த இயந்திரம் வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இயந்திரங்களால் நெருங்கவும் முடியாத அளவு அது.

புகழும் கடனும்

செய்தி காட்டுத்தீ போல் பரவியது. பல நாட்டு நிறுவனங்கள் உரிமம் வாங்கப் போட்டியிட்டன. டீசல் திடீரென்று பெருஞ்செல்வர் ஆனார். ஆனால், ஆய்வுக்கூடத்தில் வல்லுநர்கள் நடுவே ஓடிய இயந்திரம், சாதாரணத் தொழிலாளர்களின் கையில் அடிக்கடி நின்றுபோனது. தொடக்கத்தில் விற்கப்பட்ட இயந்திரங்கள் ஜெர்மனியில் ஒரு தீக்குச்சித் தொழிற்சாலைக்குச் சென்றன. பற்றவைக்கத் தீக்குச்சியே தேவைப்படாத இயந்திரம் தீக்குச்சித் தொழிற்சாலையில் பழுதாகி நின்றது ஒரு விந்தைதான். டீசலின் பெயரில் ஆக்ஸ்பர்க்கில் தொடங்கப்பட்ட தொழிற்சாலை தயாரித்த இயந்திரங்களும் குறை காரணமாகத் திரும்பி வந்தன. காப்புரிமை வழக்குகளும் அவரை வாட்டின. இவற்றால் அவருடைய உடலும் உள்ளமும் நலிந்தன. சில காலம் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றார்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் இயந்திரம் உயரிய பரிசைப் பெற்றது. போர்க்காலத்தில் தம் குடும்பம் துறந்து சென்ற அதே நகரில் அவர் பாராட்டப்பட்டார். அக்கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயிலும் ஓடிக் காட்டியது. நிலத்தடி எண்ணெய் கிடைக்காத நாடுகள், தங்கள் வயலில் விளையும் எண்ணெயாலேயே இயந்திரத்தை ஓட்டலாம் என்ற நம்பிக்கை டீசலுக்கு இருந்தது.

அவருடைய கனவு இன்னொன்றும் உண்டு. நீராவி இயந்திரத்தைப் பெரும் முதலாளிகளால்தான் வாங்க முடிந்தது. தந்தையின் பட்டறையைப் போன்ற சிறு பட்டறைகள் அவர்களோடு போட்டியிட முடியாமல் நசிந்தன. சிறிய, சிக்கனமான இயந்திரம் ஒன்று கிடைத்தால் தச்சரும் நெசவாளரும் தம் சொந்தக் காலில் நிற்கலாம் என்று டீசல் எண்ணினார். தொழிலாளர்கள் ஒன்றுகூடித் தொழில் நடத்துவதைப் பற்றி 1903ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார்.

நடந்ததோ வேறு. எண்ணெயை ஊதுவதற்குத் தேவைப்பட்ட காற்றழுத்தக் கருவி மிகப் பெரியது, எடையும் அதிகம். ஆகவே டீசல் இயந்திரத்தைச் சிறிதாக்க முடியவில்லை. அதைப் பெரிய தொழிற்சாலைகளும் கப்பல்களுமே வரவேற்றன. 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் 'செலாண்டியா' என்னும் கப்பல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனிலிருந்து பேங்காக் நோக்கிப் புறப்பட்டது. பெருங்கடலில் நெடும்பயணம் செய்த முதல் பெரிய டீசல் கப்பல்களில் அது மிகவும் புகழ்பெற்றது. அதற்குப் புகைபோக்கியே இல்லை. கழிவுப்புகை பாய்மரத் தண்டின் வழியே வெளியேறியது. நிலக்கரி அள்ளிப் போடும் வேலையாட்களும் தேவைப்படவில்லை. நீராவிக் கப்பல்கள் கரும்புகை கக்கிச் சென்ற கீழ்த்திசைக் கடல்வழியில், டீசல் கப்பல்களின் காலம் இவ்வாறு தொடங்கியது.

அதே சமயம் டீசலின் சொந்த வாழ்க்கை கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. நிலத்திலும் தொழிலிலும் செய்த முதலீடுகள் கைவிட்டுப்போயின. 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, இங்கிலாந்து செல்வதற்காக அவர் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பலேறினார். இரவு உணவை முடித்துக்கொண்டு தம் அறைக்குச் சென்றார். மறுநாள் காலையில் அறை காலியாக இருந்தது. சில நாள்களுக்குப் பிறகு, வேறொரு கப்பலின் மாலுமிகள் கடலில் ஓர் உடலைக் கண்டனர். அதிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்கள் தம் தந்தையுடையவை என்று அவருடைய மகன் அடையாளம் காட்டினார். அந்த இரவில் என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

அவர் கேட்காத ஓசை

டீசலின் மறைவுக்குப் பிறகும் அவருடைய இயந்திரம் வளர்ந்தது. காற்றின் துணையின்றி, பம்பின் அழுத்தத்தாலேயே எண்ணெயைப் பீய்ச்சும் முறை மேம்பட்டது. 1920களில் லாரிகளில் பொருத்தும் அளவுக்கு டீசல் இயந்திரம் சிறியதாயிற்று. அதன் வேகமும் கூடியது. டீசல் கண்ட கனவு நனவாகும் வேளை வந்தது. ஆனால் அதனோடு ஒரு புதிய தொல்லையும் வந்தது. அதுவே பட்டறைகளில் 'நாக்கிங்' என்று சொல்லப்படும் இயந்திரத் தட்டல்.

தட்டல் ஏன் ஏற்படுகிறது? சூடான காற்றில் எண்ணெய் விழுந்தவுடன் அது பற்றிவிடுவதில்லை. துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலக்கச் சிறிது நேரம் வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தைவிடவும் மிகக் குறைந்த நேரம்தான் அது. ஆனால் அந்த இடைவெளியிலும் எண்ணெய் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். இடைவெளி நீண்டால், அதிகமான எண்ணெய் எரியாமல் சேர்ந்துவிடும். பின்னர்த் தீப்பற்றும்போது அவ்வளவும் ஒரே நேரத்தில் எரியும். அழுத்தம் படிப்படியாக உயராமல் சட்டென்று தாவும். பிஸ்டனைச் சீராகத் தள்ளவேண்டிய விசை அதனைச் சுத்தியல்போல் அடிக்கும். அந்த அடியின் ஓசையே நாம் கேட்கும் 'டக் டக்'.

மெதுவாகச் சுழலும் பெரிய இயந்திரத்தில் இந்த இடைவெளி பெரிதாகத் தெரிவதில்லை. வேகமாகச் சுழலும் சிறிய இயந்திரத்திலோ அதே இடைவெளிக்குள் பிஸ்டன் வெகுதூரம் நகர்ந்துவிடும். எனவேதான் இயந்திரம் சிறுத்தபோது தட்டல் பெருத்தது.

குளிர்ந்த இயந்திரம், எளிதில் பற்றாத தரக்குறைவான எண்ணெய், சரியாகத் தெளிக்காமல் ஒழுகும் பீய்ச்சுகுழல், உரிய நேரத்திற்கு வெகு முன்பே பீய்ச்சுதல் ஆகியவை தட்டலை மிகுவிக்கும். காலையில் முடுக்கிய லாரி முதலில் தட்டிப் பின்னர் அடங்குவதும் இதனால்தான். உருளை சூடேறியதும் எண்ணெய் விரைவில் பற்றுகிறது. ஆனால், இயந்திரம் சூடேறிய பின்பும் தட்டல் நீடித்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. நாளடைவில் பிஸ்டனும் தாங்கிகளும் சேதமடையலாம்.

பெட்ரோல் இயந்திரத்திலும் தட்டல் உண்டு. ஆனால் அதன் காரணம் நேர்மாறானது. அங்கே பொறி பற்றவைத்த தீ சென்று சேர்வதற்குள், மூலையில் எஞ்சியிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. அதாவது, பெட்ரோல் முந்திக்கொண்டு பற்றுவதால் தட்டுகிறது. டீசல் பிந்திப் பற்றுவதால் தட்டுகிறது. ஆகையால், அழுத்தத்தில் பற்ற மறுப்பது பெட்ரோலுக்கு நற்குணம். விரைந்து பற்றுவது டீசலுக்கு நற்குணம். பெட்ரோலின் தரத்தை ஆக்டேன் எண் காட்டுகிறது. டீசலின் தரத்தைச் சீட்டேன் எண் காட்டுகிறது. 1893ஆம் ஆண்டு டீசலின் முதல் சோதனையில் செலுத்தப்பட்டது பெட்ரோல் என்பதை இங்கே நினைவுகூரலாம். அழுத்தத்தில் எளிதில் பற்றாத எண்ணெயை வைத்துக்கொண்டுதான் அவர் தம் போராட்டத்தைத் தொடங்கினார்.

பொறியாளர்கள் இந்தத் தட்டலுக்கும் தீர்வு கண்டனர். எரியறையின் வடிவத்தை மாற்றிக் காற்றைச் சுழலச் செய்தனர். எண்ணெயின் தரத்தை உயர்த்தினர். இன்றைய இயந்திரங்களில் கணினி முதலில் ஒரு சிறு துளி எண்ணெயைப் பீய்ச்சச் செய்கிறது. அது பற்றி வழியமைத்த பிறகே மீதி எண்ணெய் உள்ளே செல்கிறது. விறகடுப்பில் முதலில் சுள்ளியைப் பற்றவைத்துவிட்டுப் பின்னர்ப் பெரிய கட்டையை வைப்பதைப் போன்ற உத்தி இது.

பெயர் நிலைத்தது

இன்று சிங்கப்பூர் துறைமுகம் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகில் முதலிடம் வகிக்கிறது. 2023ஆம் ஆண்டில் இங்கே 5 கோடி டன்னுக்கும் அதிகமான எரிபொருள் விற்பனையானது. கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலிருந்து தெரியும் சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை இயக்குவது டீசல் இயந்திரத்தின் வழித்தோன்றல்களே. தமிழகத்தில் கிணற்று நீரை வயலுக்கு இறைத்த பம்புசெட்டுகளிலும், மீனவர்களின் விசைப்படகுகளிலும் அதே இயந்திரம் உழைத்தது. சிறு தொழிலாளியின் கைக்கு இயந்திரம் சேரவேண்டும் என்ற டீசலின் ஆசை, அவர் பார்த்திராத ஊர்களில், அவர் மறைந்த பிறகு நிறைவேறியது.

ஆயினும் காலம் மாறுகிறது. டீசல் புகை காற்றை மாசுபடுத்துகிறது. உடல்நலத்திற்கும் தீங்கு விளைவிக்கிறது. 2025ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்ய முடியாது. மின்சாரப் பேருந்துகளும் ஓசையின்றிச் சாலைக்கு வந்துவிட்டன. வெப்பம் வீணாவதைக் கண்டு மனம் பொறுக்காமல் தம் ஆராய்ச்சியைத் தொடங்கியவர் டீசல். இன்று அவருடைய இயந்திரத்தின் குறையைக் கண்டு புதிய வழி தேடுபவர்களும் அவர் காட்டிய பாதையில்தான் நடக்கிறார்கள்.

முதல் சோதனையில் எழுந்த வெடிச்சத்தத்தைத் தோல்வியின் ஓசையாக அவர் கருதவில்லை. அது என்ன சொல்கிறது என்று காதுகொடுத்துக் கேட்டார். இயந்திரம் தட்டும்போது காரணத்தைத் தேடும் பட்டறைத் தொழிலாளியும் அதையேதான் செய்கிறார். தேக்காவில் நிற்கும் லாரி சூடேறி, தட்டல் அடங்கி, சிராங்கூன் சாலையில் சீராக ஓடத் தொடங்குகிறது. தள்ளுவண்டியில் சரக்கு ஏற்றிச் சென்ற ஒரு பாரிஸ் சிறுவனின் பெயர் அதனோடு சேர்ந்து பயணம் செய்கிறது.